இலவசப் பிள்ளைக் காம்பராவில் காசு கேட்கலாமா?

தாய்மார் பலர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு இம்முறை கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல நினைக்கிறோம். "புள்ளக் காம்பரா சும்மாதானேங்க ஐயா? அப்ப ஏன் மாசாமாசம் காசு கேக்கிறாங்க?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்கள் வெவ்வேறு தோட்டத்துக்காரர்கள். கேட்கப்படும் காரணமும் வெவ்வேறு. ஓரிடத்தில் பால்மாவுக்கு, ஓரிடத்தில் சவர்க்காரத்துக்கும் டெட்டோலுக்கும், ஓரிடத்தில் ஆயம்மாவுக்குக் கை உதவியாக, இன்னோரிடத்தில் வருடக் கடைசியில் நடக்கும் கலைவிழாவுக்கு. காரணம் எதுவானாலும் காசு போவது தாயின் சேலை முடிச்சிலிருந்துதான்.

"இருநூறு முந்நூறு ரூபா ஒரு காசா?" என்று கேட்பவர்களும் உண்டு. சம்பளத்தில் கடன் கழிந்து, அட்வான்ஸ் கழிந்து, கடைக்காரனுக்கும் கொடுத்த பிறகு கையில் நிற்பது எவ்வளவு என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதிலும் இரண்டு பிள்ளைகளைக் காம்பராவில் விடுகிற தாய்க்கு அது இரட்டிப்பாகிறது.

ஆனால் நாம் இதை எழுதுவது முந்நூறு ரூபாவுக்காக மட்டும் அல்ல. காசு கொடுக்க இயலாத தாய் வந்து சண்டை பிடிப்பதில்லை, முறைப்பாடு எழுதுவதும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையைக் கொண்டு வராமல் நின்று விடுகிறாள். இரண்டு கிழமை கழித்து விசாரித்தால், "ஆத்தா பாத்துக்குதுங்க" என்பாள். ஆத்தாவுக்குக் கண் பார்வை மங்கல். இல்லாவிட்டால் நாலாம் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அக்காக்காரி பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நிற்பாள். லயத்துக் காம்பராவில் அடுப்பு இருக்கிறது, கொதித்த தண்ணீர் இருக்கிறது, மண்ணெண்ணெய்ப் போத்தல் இருக்கிறது, வாசலில் கான் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எது ஆபத்து என்று தெரியாது. மலையில் நிற்கிற தாய்க்கோ கை கொழுந்தில், மனம் லயத்தில். பகல் நிறுவையோடு பாதியில் திரும்பினால் அரைப்பேர். ஆகவே, காம்பராவில் கேட்கப்படும் அந்தச் சின்னக் காசு, ஒரு வீட்டில் மூன்று பேருடைய நாளைக் கெடுக்கக்கூடிய காசு.

முதலில் பிள்ளைக் காம்பரா என்பது என்ன, அது யாருக்காக நடக்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று பலகையில் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று எழுதியிருக்கிறது. சில தோட்டங்களில் பழைய ஆட்கள் இன்னமும் பிள்ளை மடுவம் என்றே சொல்வார்கள். முந்திய காலத்தில் ஒரு நீள மடுவத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டி, ஒரு ஆயாவை உட்கார வைத்தால் காரியம் முடிந்தது. அழுகிற பிள்ளையை ஆட்டுவதும், வந்த தாயிடம் பிள்ளையை எடுத்துக் கொடுப்பதும்தான் அவருடைய வேலை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பிறகு 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. தோட்டத்து வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றைப் பார்ப்பதற்காக அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த ட்ரஸ்டும் அதே 1992இல்தான் அமைக்கப்பட்டது. அதன் பிறகே பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், நிறை பார்க்கிற தராசு, சின்னக் கக்கூசு, விளையாட்டுச் சாமான் என்று மடுவத்தின் முகம் மாறியது. 2015இல் உலக வங்கி முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்காக இலங்கைக்கு 5 கோடி டொலர் கடன் ஒதுக்கியபோது, அதில் தோட்டப்புறத்து நிலையங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

இதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் மீது வைத்த அன்பினால் மட்டும் நடந்ததா? அன்பு இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாய்மார் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை விட வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த இடைவேளை தேத்தண்ணி நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் புறம்பானது. வேலை கொடுப்பவர் பிள்ளைக் காப்பகமோ பொருத்தமான வேறு இடமோ வைத்திருந்தால் ஒவ்வொரு இடைவேளையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. அப்படி இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். காம்பரா இருப்பதனால், பால் கொடுக்கிற ஒவ்வொரு தாயிடமிருந்தும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் தோட்டத்துக்கு மிச்சமாகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் கொழுந்து எடுக்கிறாள். அதற்கும் மேலாக, காம்பரா இருப்பதனால்தான் அவள் காலையில் பெரட்டுக்கே வருகிறாள். கொழுந்து எடுக்கிற கை பெரும்பாலும் பெண்களின் கை. அந்தக் கையில் பிள்ளை இருந்தால் கூடை நிறையாது. ஆகவே பிள்ளைக் காம்பரா தர்மத்துக்கு நடக்கும் மடம் அல்ல. தொழிற்சாலைக்குக் கொழுந்து வந்து சேருவதற்கான செலவுகளில் அதுவும் ஒன்று. உரத்துக்கும் லொறிக்கும் டீசலுக்கும் தொழிலாளியிடம் காசு கேட்பதில்லை. வேலைக்கு வருகிற தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கும் கேட்கக் கூடாது என்பதே எமது அபிப்பிராயம்.

2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் மகப்பேற்று விடுமுறை 12 கிழமைதான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம். முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் 6 கிழமைதான். இன்னும் சில இடங்களில் பழைய கணக்கைச் சொல்லித் தாயை வேலைக்குக் கூப்பிடுவதாகக் கேள்விப்படுகிறோம். அது சரியல்ல.

சரி, காம்பரா இலவசம் என்றால் காசு எங்கிருந்து முளைக்கிறது?

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கணக்கு நடப்பதுதான் பெரும்பாலும் காரணம். பல தோட்டங்களில் ஒரே கட்டிடத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைக் காலை பெரட்டு நேரத்திலிருந்து மாலை நிறுவை முடியும் வரை வைத்துக்கொள்வது. இது காப்பகம். இன்னொன்று, மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் பாட்டு, கதை, எழுத்துக்குக் கை பழக்குவது. இது முன்பள்ளி. காப்பகத்தில் இருக்கும் உத்தியோகத்தருக்கும் ஆயம்மாவுக்கும் தோட்டம் சம்பளம் கொடுக்கிறது. முன்பள்ளி அப்படி அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பிறகு முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளின் பொறுப்பு. நாட்டில் முதலாம் வகுப்பிலிருந்துதான் அரசாங்க இலவசக் கல்வி. முன்பள்ளிகளில் பெரும்பாலானவை பெற்றோர் கொடுக்கும் மாதக் காசிலும், சங்கங்கள், கோயில்கள், சேர்ச்சுகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் உதவியிலும் நடக்கின்றன. டீச்சருக்குக் கிடைக்கும் அரசாங்கக் கொடுப்பனவும் மிகச் சிறியது.

ஆகவே முன்பள்ளிக்குப் பெற்றோர் சங்கம் கூடித் தீர்மானித்த மாதக் காசு இருந்தால், அது தப்பு அல்ல. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்தக் காசு மெதுமெதுவாகக் காப்பகத்துப் பக்கம் நகர்ந்து வருகிறது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கேட்ட காசைப் பத்து மாதக் கைக்குழந்தைக்கும் கேட்கிறார்கள். "முன்பள்ளிக் காசு கட்டலேன்னா புள்ளய இங்க விட ஏலாது" என்று சொல்கிறார்கள். முன்பள்ளி காலை பதினொரு மணிக்கு முடிந்து விடுகிறது. தாய்க்கோ பிள்ளையை மாலை வரை விட வேண்டும். அவளால் எப்படி மறுக்க முடியும்? இலவசமான மணித்தியாலத்தைப் பிணையாக வைத்து, இலவசமில்லாத மணித்தியாலத்துக்குக் காசு வாங்குவதாகத்தான் இது முடிகிறது.

இந்தக் கோளாறு நமது தோட்டத்துக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் நமது தேயிலையைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற இங்கிலாந்துத் தாய்மாரும் இதே சண்டையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் சொன்னால் நமது விஷயமும் தெளிவாகும் என்பதால் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் 1998இல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கும், 2004இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் இலவசம் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்தது. 2010இலிருந்து அது கிழமைக்கு 15 மணித்தியாலம். வருடத்தில் 38 கிழமைக்கு, அதாவது மொத்தம் 570 மணித்தியாலம். 2017இல் வேலை செய்யும் பெற்றோரின் மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணித்தியாலம் ஆக்கினார்கள். பிறகு படிப்படியாக வயதைக் குறைத்து, 2025 செப்டெம்பரிலிருந்து வேலை செய்யும் பெற்றோரின் ஒன்பது மாதப் பிள்ளைக்கும் 30 மணித்தியாலம் என்று வந்தது. பிள்ளையைப் பார்ப்பது அரசாங்கம் அல்ல, பெரும்பாலும் தனியார் நேர்சரிகள். அரசாங்கம் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று உள்ளூர் நிர்வாகத்தின் மூலம் நேர்சரிக்குக் காசு கொடுக்கும். தாய் அந்த மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. காகிதத்தில் அப்படித்தான்.

ஆனால் மாதக் கடைசியில் தாயின் கைக்கு பில் வரும். சாப்பாட்டுக்கு இவ்வளவு, பாம்பர்ஸுக்கு இவ்வளவு, வெயிலுக்குப் பூசும் கிரீமுக்கு இவ்வளவு, விசேட வகுப்புக்கு இவ்வளவு. சில நேர்சரிகள் விவரம் ஒன்றும் இல்லாமல் ஒரே வரியில் "மேலதிகச் செலவு" என்று போட்டு விடும். இலவச மணித்தியாலத்தின் நடுவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வருகிறது. பிள்ளை சாப்பிடாமல் இருக்குமா? காசு கொடுக்கத்தான் வேண்டும்.

அங்கே சட்டவிதி என்ன சொல்கிறது? அரசாங்கம் கொடுக்கும் காசுக்கும் நேர்சரியின் வழக்கமான கட்டணத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத் தாயிடம் அறவிடக் கூடாது. சாப்பாடு, பாம்பர்ஸ், சுற்றுலா போன்றவற்றுக்குக் கேட்கலாம். ஆனால் அது தாயின் விருப்பம். "கொடுத்தால்தான் இலவச இடம்" என்று நிபந்தனை போடக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் தாய்க்கு, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருவது போன்ற வேறு வழி விட வேண்டும். 2025இல் இன்னும் இறுக்கமாக, பில்லில் எது இலவச மணித்தியாலம், எது மேலதிக மணித்தியாலம், எது சாப்பாடு, எது சாமான் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஏன் அறவிடுகிறார்கள்? நேர்சரிக்காரர் எல்லாரும் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்து விடலாம். அது உண்மையல்ல. 2020-21ஆம் ஆண்டில் மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சராசரி 4.89 பவுண் அரசாங்கம் கொடுத்தது. முழுச் செலவுக்கு 7.49 பவுண் வேண்டியிருக்கும் என்று அதே அரசாங்கத்தின் அதிகாரிகள் 2015இலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு 2021இல் நேர்சரிச் சங்கம் ஒன்றின் முயற்சியால்தான் வெளியே வந்தது. இலவசம் என்று மேடையில் சொன்னவர் முழுக் காசையும் கொடுக்கவில்லை. மிச்சத்தை நேர்சரி எங்காவது பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குச் சுலபமான ஆள் தாய். தாய் கேள்வி கேட்டால் "இடம் இல்லை" என்று சொன்னால் போதும். விரட்டினதாக யாரும் சொல்ல முடியாது.

"இடம் இல்லை" என்ற அந்தப் பேச்சு நமது பக்கத்திலும் கேட்ட பேச்சுத்தான்.

இப்போது நமது காம்பராவுக்கு வருவோம். இங்கே நேர்சரி முதலாளியின் இடத்தில் இருப்பவர் யார்? காம்பரா உத்தியோகத்தரும் ஆயம்மாவும். அவர்களும் பெரும்பாலும் நமது லயத்துப் பெண்கள்தான். சவர்க்காரம் முடிந்து போனால் அவர் காரியாலயத்துக்கு எழுதுகிறார். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று பதில் வருகிறது. விறகு இல்லை என்று எழுதுகிறார். அதற்கும் அதே பதில். தோட்டத்துக்கு விலை சரியில்லாத மாதத்தில் முதலில் கத்தி விழுவது இப்படிப்பட்ட செலவுகளில்தான். பிள்ளையைக் கழுவாமல் தாயிடம் கொடுக்க முடியுமா? கடைசியில் அவருக்குக் கேட்கக்கூடிய ஆள் தாய்மார் மட்டும்தான். ஆளுக்குக் கொஞ்சம் போடச் சொல்கிறார். முதல் மாதம் அது உதவி. மூன்றாம் மாதம் வழக்கம். வருடம் திரும்பினால் அது கட்டணம். புதிதாக வருகிற தாய்க்கு அது விதி மாதிரி சொல்லப்படுகிறது. காசு எடுத்துச் சொந்தப் பையில் போட்டவர்கள் ஒரு சிலரை நாம் கண்டதுண்டு. அதற்காக எல்லா ஆயம்மாவையும் அந்தக் கண்ணால் பார்ப்பது அநியாயம். சண்டை பிடிப்பதாக இருந்தால் ஆயம்மாவோடு பிடிக்க வேண்டாம். சவர்க்காரம் வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யாரோ, அவரிடம் கேட்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் காசு கேட்டால் கீழ்க்கண்டவற்றை மனதில் வையுங்கள். இங்கிலாந்து விதியில் எமக்குப் பிடித்த விஷயமும் இதுதான்: காசு கேட்கலாமா கூடாதா என்பதற்கு முதல், எதற்கு என்று பிரித்துச் சொல் என்கிறார்கள்.

"காம்பராக் காசு" என்று மொத்தமாகக் கேட்டால் கொடுக்க அவசரப்பட வேண்டாம். "எதுக்குங்க, எவ்வளவுங்க, எத்தன மாசத்துக்கு?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்கத் தேவையில்லை. பிள்ளையை வைத்துப் பார்ப்பதற்கே காசு என்று பதில் வந்தால், தாய் செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளி என்றால், அதை அப்படியே தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பெற்றோர் கூடித் தீர்மானித்த சாமான் காசு என்றால், தீர்மானித்த கூட்டம் எப்போது நடந்தது, புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் கொடுக்கலாம். கொடுக்க ஏலாதவர் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, மற்றப் பிள்ளைகள் பால் குடிக்கும்போது அந்தப் பிள்ளையை மட்டும் ஓரத்தில் இருத்தவும் கூடாது. அப்படி இருத்திய சம்பவம் எமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வயது மூன்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பிள்ளை காம்பரா வாசலைக் கண்டாலே அழுதது.

கொடுக்கிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். அச்சடித்த புத்தகம் இல்லாவிட்டால் ஒரு கொப்பியில் திகதி, பெயர், தொகை, கையெழுத்து இருந்தால் போதும். வாங்கிய சாமான் என்ன என்பதும் அதே கொப்பியின் மற்றப் பக்கத்தில் இருக்க வேண்டும். கொப்பி காம்பராவிலேயே, எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் தொங்கட்டும். நேர்மையான ஆயம்மாவுக்கு அந்தக் கொப்பிதான் பாதுகாப்பு.

சில இடங்களில் காசைக் கையில் வாங்காமல் சம்பளத்தில் வெட்டி விடுவதாகச் சொல்கிறார்கள். சம்பளச் சீட்டை வாங்கியதும் மடித்து வைக்காமல் வாசிக்கப் பழகுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு வாசியுங்கள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைக்கூடத் தொழிலாளியின் சம்மதத்தோடுதான் கழிக்க வேண்டும். நீங்கள் சம்மதம் கொடுக்காத ஒரு கழிவு சீட்டில் இருந்தால், கிளாக்கர் ஐயாவிடம் என்ன என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தலைவர் மூலமாகத் துரையிடமும், அதற்கு மேலே தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதிக் காரியாலயத்திலும் சொல்லலாம்.

திரிபோஷவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1973இல் தொடங்கிய இந்த மாவை அரசாங்கம் கர்ப்பிணித் தாய்மாருக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக் மூலம் இலவசமாகக் கொடுக்கிறது. இதை யாரும் விற்கக் கூடாது. பொதிக்குக் காசு, கொண்டு வந்த லொறிக்குக் காசு, பொதி தருவதற்கு முதல் சங்கத்துக்குக் காசு என்று எந்தப் பேரிலும் கேட்கக் கூடாது. கேட்டால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். தடுப்பூசிக்கும், நிறை பார்த்துப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் புள்ளி போடுவதற்கும் காசு கிடையாது. (தாய்மாருக்கும் ஒரு சொல். உங்கள் பேருக்கு வந்த திரிபோஷவைக் கடையில் கொடுத்துச் சீனி வாங்குவதும் நமக்குத் தெரியாத விஷயம் அல்ல.)

முன்பள்ளிக் காசைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். "இங்க காசு கட்டிப் படிச்சு சேட்டிபிக்கட் எடுத்தாத்தான் ஒண்ணாம் வகுப்புல எடுப்பாங்க" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். முன்பள்ளி நல்லது. பிள்ளைக்குக் கூச்சம் போகும், பென்சில் பிடிக்க வரும். போகக்கூடிய பிள்ளையை அனுப்புங்கள் என்றுதான் நாமும் சொல்வோம். ஆனால் ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்புக்கு இடம் கேட்பது உங்கள் உரிமை. பிறப்புச் சான்றிதழும் வசிக்கும் இடத்துக்கான அத்தாட்சியும்தான் அதற்கு முக்கியம். அவற்றைச் சரிப்படுத்தி வைப்பதில் கவனம் செலுத்துங்கள். பிறப்புப் பதிவில் பேர் பிழையாக எழுதப்பட்ட பிள்ளைகள் நமது தோட்டங்களில் இன்றும் உண்டு. முன்பள்ளி சம்பந்தமான முறைப்பாடுகளைப் பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொண்டு போகலாம்.

கலைவிழாவைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பிள்ளை மேடையில் ஆடுவதைப் பார்க்க ஆசைப்படாத தாய் இல்லை. ஆனால் மூன்று நிமிடப் பாட்டுக்கு மினுக்குச் சட்டை தைத்து, வாடகைக்குச் சவுண்ட் செட் பிடித்து, வந்த விருந்தாளிக்கெல்லாம் மாலை போட்டு, அந்தச் செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பிரிப்பது நமக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் உள்ள சுத்தமான உடுப்போடு ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான். காசு கட்டாத பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்து விடுகிற விழாவுக்கு நாம் விருந்தாளியாகப் போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செக்ரோலில் பேர் உள்ள தாய்க்கு. இன்று லயத்தில் எல்லாத் தாயும் அப்படி இல்லை. கார்மென்ட்ஸுக்குப் போகிறவர் இருக்கிறார், டவுன் கடையில் நிற்பவர் இருக்கிறார், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒரு தரம் வருபவரும் இருக்கிறார். பிள்ளை மட்டும் லயத்தில். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சில தோட்டங்களில் ஒன்றும் கேட்காமல் எடுக்கிறார்கள். சில தோட்டங்களில் கட்டணத்துக்கு எடுக்கிறார்கள். சில தோட்டங்களில் எடுப்பதே இல்லை. தாய் வேறு இடத்தில் உழைத்தாலும் பாட்டனும் பாட்டியும் அந்த மலைக்கே உழைத்தவர்கள் என்பதை நிர்வாகங்கள் கொஞ்சம் நினைக்க வேண்டும். கட்டணம் வைப்பதானால் அது எழுத்தில் இருக்கட்டும், எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆளைப் பார்த்துத் தொகை சொல்வது கூடாது.

இன்னும் பெரிய விஷயம், சில தோட்டங்களில் தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் முறை வருகிறது. சிலருக்கு அதில் வருமானம் கூடலாம். அதைப் பற்றி வேறொரு முறை எழுதுவோம். ஆனால் அந்த முறைக்குப் போன தாய்க்குப் பேர் இல்லை, செக்ரோல் இல்லை. அப்போது பிள்ளைக் காம்பராவில் அவளுடைய பிள்ளை யார்? தொழிலாளியின் பிள்ளையா, வெளியாள் பிள்ளையா? அவளும் அதே மலையில் அதே கொழுந்தைத்தான் எடுக்கிறாள், அது அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறது. பால் கொடுக்கும் இடைவேளை என்ன ஆகும், ஆயம்மாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது, காம்பராவை அப்படியே நடத்துவார்களா என்பதெல்லாம் காணி கொடுக்கும்போது யாரும் தாமாகச் சொல்லப் போவதில்லை. உரம் யார் கொடுப்பது, கொழுந்து விலை எப்படி என்று ஆண்கள் கேட்பார்கள். பிள்ளைக் காம்பராவைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். கூட்டத்துக்குப் போகும்போது இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முதல் பதிலையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் எம்மிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.